செத்த நட்சத்திரமும் எங்க தோட்டத்து லைட்டும்

தை மாசம் பொறந்து பத்து நாள் இருக்கும். குச்சிக்கிழங்கு பாதி புடுங்கி லாரி ஏத்தியாச்சு, மீதி அப்படியே நிக்குது. அந்த நேரத்துல சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல இருக்கிற என் தங்கச்சி பையன் கார் நிறைய சாமானோட தோட்டத்துக்கு வந்து இறங்கினான். ஒரு முக்காலி, ஒரு சின்ன டெலஸ்கோப், கேமரா, லேப்டாப், ஒரு கார் பேட்டரி. அவன் வேலை கம்ப்யூட்டர்ல. ராத்திரியானா வானத்தைப் போட்டோ எடுக்கிறது அவனுக்குப் பைத்தியம்.

"மாமா, மொட்டை மாடியில இருந்து வடக்க எடுக்கலாம், தலைக்கு மேல எடுக்கலாம். தெக்க எடுக்க முடியல. ஊரு வெளிச்சம் பூராவும் அங்கதான் நிக்குது. உங்க தோட்டத்துல தெக்கால ஒண்ணும் மறைக்காது, அதான் வந்தேன்"னான்.

எங்க தோட்டம் கஞ்சமலைக்குத் தெற்கே. களத்துமேட்டுல நின்னா தென்கோடி வரைக்கும் பார்வை போகும். சரி மாப்ள, வெச்சுக்கன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துட்டேன். ராத்திரி ஒரு மணிக்கு மோட்டார் ரூம் பக்கம் நாய் குலைச்சது. கேபிள் திருடுற பசங்க ரெண்டு தடவை எங்கிட்ட கைவரிசை காட்டியிருக்காங்க. எழுந்த வேகத்துல 200 வாட்ஸ் எல்இடி லைட்டைப் போட்டேன். களமே பட்டப்பகல் ஆயிடுச்சு.

களத்துல இருந்து குரல் வந்தது: "மாமா... அணைங்க மாமா!"

மூணு மணி நேரமா அவன் சேர்த்த படத்துல கடைசி அரை மணி நேரம் போச்சு. திட்டக்கூட இல்லை அவன். அவன் முகத்தைப் பார்த்துட்டு எனக்குத்தான் தூக்கம் வரலை. கயித்துக்கட்டிலை இழுத்துப் போட்டு அவன் பக்கத்துலயே உட்கார்ந்துட்டேன். விடிய விடிய அவன் சொன்னதும், அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதும்தான் இந்தப் பதிவு. வழக்கமா உரம், மழை, மாடுன்னு எழுதுறவன் இன்னிக்கு வானத்தைப் பத்தி எழுதுறேன்னு நினைக்காதீங்க. இதுவும் எங்க ஊர்க் கதைதான். படிச்சா தெரியும்.

அவன் எடுத்தது என்ன?

அகத்தியர் நட்சத்திரத்தை உங்கள்ல எத்தனை பேர் பார்த்திருப்பீங்கன்னு தெரியலை. தை, மாசி ராத்திரியில தெற்கே தனியா, பளிச்னு வெள்ளையா நிக்கும். எங்கப்பாரு தண்ணி கட்டும்போது அதைப் பார்த்துத்தான் நேரம் சொல்லுவாரு. அதுக்கு இடது கைப்பக்கம், கொஞ்சம் கிழக்கே தள்ளி, வெறும் கண்ணுக்குச் சாதாரண வானமாத் தெரியுற ஒரு இடம் இருக்கு. அங்கதான் சுமார் 11,000 வருஷத்துக்கு முன்னால ஒரு பெரிய நட்சத்திரம் வெடிச்சுச் செத்தது. அப்படி வெடிக்கிறதுக்குப் பேருதான் சூப்பர்நோவா. அந்த வெடிப்போட புகை இன்னும் கலையாம விரிஞ்சுக்கிட்டே இருக்கு. வேலா சூப்பர்நோவா எச்சம்னு அதுக்குப் பேரு. சுமார் 800 ஒளியாண்டு தூரம். பௌர்ணமி நிலாவைப் பதினாறு தடவை பக்கத்துல பக்கத்துல அடுக்கினா எவ்வளவு அகலமோ, அவ்வளவு அகலம் வானத்துல பரவிக் கிடக்கு. அவ்வளவு பெருசு, ஆனா கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கல்.

அதைச் சுத்தி இன்னும் பெரிய ஒரு சிவப்பு மேகம் இருக்கு. 1950-கள்ல ஆஸ்திரேலியாவுல காலின் கம்னு ஒரு இளைஞர் தென்வானத்துச் சிவப்பு மேகங்களையெல்லாம் போட்டோ எடுத்துப் பட்டியல் போட்டார். 1955-ல் அந்தப் பட்டியல் வந்தது. 1960-ல் சுவிட்சர்லாந்துல பனிச்சறுக்கு விபத்துல செத்துப் போனார், நாப்பது வயசுகூட ஆகலை. அந்தப் பெரிய மேகத்துக்கு அவர் பேரையே வெச்சு கம் நெபுலான்னு சொல்றாங்க. இதுவும் ஒரு பழைய வெடிப்போட மிச்சமா, இல்லை பக்கத்துல இருக்கிற சூடான நட்சத்திரங்களால ஒளிருற வாயுவான்னு விஞ்ஞானிகளுக்குள்ள விவாதம் இன்னும் ஓடுது.

இதையெல்லாம் ஒரே கிளிக்குல எடுத்துட முடியாது. பூமி சுத்துறதுக்கு எதிர்ப்பக்கமா கேமராவை மெதுவாத் திருப்புற ஒரு மோட்டார் வேணும். அந்த மோட்டாரோட அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிக்கணும். நம்ம ஊர்ல துருவ நட்சத்திரம் அடிவானத்துல இருந்து பன்னெண்டு டிகிரிக்கும் கீழதான் நிக்கும். சேர்வராயன் மலைக்குக் கொஞ்சம் மேல தேடிக் கண்டுபிடிச்சான். அப்புறம் லென்ஸுக்குப் பின்னால ஒரு ஃபில்டர். ஹைட்ரஜன் வாயு விடுற ஒரு குறிப்பிட்ட சிவப்பையும், ஆக்ஸிஜன் விடுற ஒரு குறிப்பிட்ட பச்சை கலந்த நீலத்தையும் மட்டும் உள்ள விட்டு மத்ததையெல்லாம் தடுக்கும். அஞ்சு அஞ்சு நிமிஷமா படம் எடுத்து, நூத்துக்கணக்குல சேர்த்து, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும். வெறும் இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சிக்கும், நிஜமான வெளிச்சம் மட்டும் கூடிக்கிட்டே வரும். நெல்லு தூத்துற மாதிரின்னு வெச்சுக்கங்க. காத்து அடிக்க அடிக்கப் பதர் போகும், மணி நிக்கும்.

"இதை வெள்ளைக்காரன் எடுக்க மாட்டானா?"ன்னு கேட்டேன். "லண்டன்ல இருக்கிறவனுக்கு இந்த இடம் உதிக்கவே உதிக்காது மாமா. நமக்குத் தெக்கால 33 டிகிரி உசரத்துல வருது"ன்னான். அந்த ஒரு வார்த்தையில இருந்துதான் நான் தேட ஆரம்பிச்சேன்.

ஒரு அமெச்சூரோட வீட்டுல ஆரம்பிச்ச கதை

நம்ம தமிழ்நாட்டுல டெலஸ்கோப் வெச்சு வானம் பார்க்கிற வேலையை ஆரம்பிச்சு வெச்சவரே ஒரு அமெச்சூர்தான். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி. 1786-ல் சென்னை எழும்பூர்ல தன்னோட வீட்டுல சொந்தக் காசுல ஒரு வானாய்வுக்கூடம் வெச்சார். அப்புறம் கம்பெனி அதை எடுத்துக்கிட்டு 1792-ல் நுங்கம்பாக்கத்துல கட்டடம் கட்டுச்சு. அந்தக் காலத்துக் கருங்கல் தூண் ஒண்ணு இன்னும் அங்க வானிலை மைய வளாகத்துல நிக்குது. அதுல மத்த மொழிகளோட தமிழ்லயும் எழுத்து வெட்டியிருக்காங்க.

1861-ல் நார்மன் போக்சன்னு ஒருத்தர் அங்க பொறுப்புக்கு வந்தார். நட்சத்திரங்களோட பிரகாசத்தை அளக்க இன்னிக்கும் உலகம் பூரா பயன்படுத்துற அளவுகோலைக் கணக்கா வரையறுத்தவர் இவர்தான். 1863 மே மாசம் விருச்சிக மண்டலத்துல, அதுவரைக்கும் இல்லாத இடத்துல ஒரு புது நட்சத்திரம் முளைச்சிருக்கிறதைப் பார்த்தார். கொஞ்ச நாள்ல மங்கிப் போச்சு. யு ஸ்கார்ப்பின்னு அதுக்குப் பேரு. நுங்கம்பாக்கத்து வானத்துல கண்டுபிடிச்ச அந்த நட்சத்திரத்தை ஞாபகம் வெச்சுக்கங்க. திரும்ப வரும்.

அதே இடத்துல உதவியாளரா இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் தென்வானத்துல பிரகாசம் மாறிக்கிட்டே இருக்கிற ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சார். இந்தியர் ஒருத்தர் அப்படிக் கண்டுபிடிச்சது அதுதான் முதல் தடவை. கவனிச்சீங்களா, தென்வானம். ஐரோப்பாவுல இருந்து பார்க்க முடியாத பக்கம்.

அப்புறம் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876-ல் ஆரம்பிச்சு 1878 வரைக்கும். எங்க சேலம் ஜில்லா ரொம்ப அடிபட்ட ஜில்லாக்கள்ல ஒண்ணு. எங்க பக்கத்துப் பாட்டிமாருங்க தாது வருஷம்னு சொன்னாலே குரலைத் தணிச்சுக்குவாங்க. மழை ஏன் பொய்க்குது, சூரியன்ல வர்ற கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் சம்பந்தம் இருக்கான்னு அரசாங்கம் யோசிச்சது. சூரியனைத் தினமும் பார்க்க ஒரு இடம் வேணும்னு முடிவாச்சு. கடலோரச் சென்னை அதுக்குத் தோதுப்படலை. மிச்சி ஸ்மித்னு ஒருத்தர் மலை மலையா ஏறிப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1899-ல் வேலை அங்க மாறுச்சு, 1901-ல் பார்க்க ஆரம்பிச்சாங்க. நூறு வருஷத்துக்கு மேல எடுத்த சூரியப் படங்கள் அங்க கண்ணாடித் தட்டுகளா இருக்கு. ஒரு விவசாயியா எனக்கு இது ஒரு மாதிரி இருந்தது. பசியில செத்தவங்க பேரைச் சொல்லி ஆரம்பிச்ச வானாய்வுக்கூடம் அது.

கப்பல்ல போட்ட கணக்கு

இப்ப சந்திரசேகர் கதைக்கு வர்றேன். பேரு எல்லாருக்கும் தெரியும், நோபல் பரிசும் தெரியும். கணக்கு என்னன்னு எனக்கு இந்த வருஷம்தான் புரிஞ்சது.

சுப்பிரமணியன் சந்திரசேகர் பொறந்தது 1910-ல் லாகூர்ல. தமிழ்க் குடும்பம், வளர்ந்து படிச்சது சென்னையில, மாநிலக் கல்லூரியில. 1930 ஜூலை கடைசியில, பத்தொன்பது வயசுல, இங்கிலாந்து போக பம்பாய்ல கப்பல் ஏறினார். கப்பல்ல சும்மா உட்காராம ஒரு கணக்கு போட்டார். நம்ம சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம் எரிஞ்சு முடிச்சா சுருங்கி, பூமி அளவுக்கு ஒரு உருண்டையா ஆயிடும். அதை வெள்ளைக் குள்ளன்னு சொல்லுவாங்க. அந்தக் குள்ளன் எவ்வளவு பாரம் தாங்கும்? சூரியனோட எடையில சுமார் 1.4 மடங்கு வரைக்கும்தான்னு கணக்குல வந்தது. அதுக்கு மேல போனா தாங்காது.

1935 ஜனவரி 11-ஆம் தேதி லண்டன்ல ராயல் வானியல் கழகக் கூட்டத்துல அவர் இதைச் சொன்னப்ப, அந்தக் காலத்துப் பெரிய மனுஷர் எடிங்டன் எழுந்து சபையிலயே கிண்டலா மறுத்துட்டார். சபையும் பெரியவர் பக்கமே நின்னது. சந்திரசேகர் ஒரு புத்தகம் எழுதி முடிச்சுட்டு வேற ஆராய்ச்சிக்குப் போயிட்டார். கணக்கு சரின்னு உலகம் ஒத்துக்கிட்டு, 1983-ல் நோபல் கொடுத்தது. அப்ப அவருக்கு வயசு எழுபத்து மூணு.

சில வெள்ளைக் குள்ளன்கள் தனியா இருக்காது. பக்கத்துல ஜோடியா இன்னொரு நட்சத்திரம் இருக்கும். அதுகிட்ட இருந்து வாயுவை உறிஞ்சி உறிஞ்சி எடை ஏறும். மேல சேர்ந்த வாயு அப்பப்ப தீப்பிடிச்சு வெடிக்கும், குள்ளன் பிழைச்சுக்கும். இதுதான் நோவா. ஆனா எடை சந்திரசேகரோட எல்லைக்கு நெருங்கிட்டா குள்ளனே மொத்தமா வெடிச்சுச் சிதறலாம். அது ஒரு வகை சூப்பர்நோவா. வேலாவுல நடந்தது வேற வகை. அங்க பெரிய நட்சத்திரம் தன் பாரத்தாலேயே உள்ள இடிஞ்சு விழுந்து வெடிச்சது. நடுவுல மிஞ்சின உருண்டை இன்னிக்கும் நொடிக்குப் பதினோரு சுத்து சுத்துது. 1968-ல் ஆஸ்திரேலியாக்காரங்க ரேடியோவுல அதைக் கண்டுபிடிச்சாங்க.

இப்ப போக்சனோட யு ஸ்கார்ப்பிக்கு வருவோம். அது ஒரு தடவையோட நிக்கலை. 1906, 1936, 1979, 1987, 1999, 2010, 2022-ன்னு திரும்பத் திரும்ப வெடிச்சிருக்கு. உள்ள இருக்கிற வெள்ளைக் குள்ளனோட எடை சந்திரசேகர் எல்லைக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குன்னு கணிச்சிருக்காங்க. ஒருவேளை என்னிக்காவது அது சூப்பர்நோவாவா வெடிக்கலாம். சென்னையில கண்டுபிடிச்ச நட்சத்திரம், சென்னையில வளர்ந்த பையன் போட்ட எல்லையில போய் நிக்குது. இதை ஒரு சினிமாவுல வெச்சா நம்ப மாட்டோம்.

2010 ஜனவரியில அது வெடிச்சதை முதல்ல பார்த்துச் சொன்னது எந்தப் பெரிய ஆய்வுக்கூடமும் இல்லை. அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல ரெண்டு அமெச்சூர்கள், சொந்த டெலஸ்கோப்ல. அவங்க சொன்னதுக்கப்புறம்தான் பெரிய டெலஸ்கோப்பெல்லாம் அந்தப் பக்கம் திரும்புச்சு.

இன்னொரு விஷயம். எங்க தோட்டத்துக்கு வடக்க நிக்கிற கஞ்சமலை முழுக்க இரும்புத்தாது. 1830-கள்ல ஜோசையா ஹீத்னு ஒரு வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில இரும்பாலை வெச்சு சேலத்துத் தாதைத்தான் உருக்கினார். எங்க ஊர்ல மழை பேஞ்ச மறுநாள் வாய்க்கால் ஓரத்துல கருமணல் ஒதுங்கும். சின்ன வயசுல காந்தத்தைக் கயித்துல கட்டி இழுத்து விளையாடுவோம், மீசை மாதிரி ஒட்டிக்கும். உலகத்துல இருக்கிற இரும்புல பெரும்பங்கு சூப்பர்நோவாக்கள்ல உண்டானது. வெள்ளைக் குள்ளன் வெடிக்கிறதுல நிறைய, பெரிய நட்சத்திரம் வெடிக்கிறதுல மீதி. நான் பிடிச்சிருக்கிற மண்வெட்டி, மாட்டு லாடம், என் ரத்தத்துல இருக்கிற இரும்பு எல்லாம் சூரியனே பிறக்கிறதுக்கு முன்னால செத்த நட்சத்திரங்களோட மிச்சம். மக்கின குப்பையிலதான் அடுத்த வெள்ளாமை. வானத்துலயும் அதே நியாயம்தான் போல.

இருட்டைத் தேடிப் போனவர்

கொடைக்கானல் சூரியனுக்கு நல்ல இடம். ராத்திரி வானத்துக்கு மேகமும் மூட்டமும் தொந்தரவு. 1960-ல் அங்க இயக்குநரா வந்தவர் வேணு பாப்பு. சென்னையில பொறந்தவர். அமெரிக்காவுல ஹார்வர்டுல படிக்கும்போதே 1949-ல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சு, அதுல அவர் பேரும் ஒட்டிக்கிச்சு. வெடிக்கிறதுக்கு முந்தின கட்டத்துல இருக்கிற ஒரு வகைச் சூடான நட்சத்திரங்கள் அவரோட ஆராய்ச்சியில ஒண்ணு. அந்த வகையிலயே பிரகாசமானது வேலா மண்டலத்துலதான் இருக்கு. நம்ம பையன் எடுத்த படத்துக்குப் பக்கத்து வயல்னு வெச்சுக்கங்க.

பாப்பு இருட்டான ஒரு இடம் தேடினார். கிடைச்சது ஜவ்வாது மலையில காவலூர். எங்களுக்கு வடகிழக்கே நேர்கோட்டுல நூத்திச் சொச்சம் கிலோமீட்டர். சந்தனக்காட்டுக்கு நடுவுல, 700 மீட்டருக்கு மேல உசரம். 1968-ல், கொடைக்கானல்ல நம்ம ஆட்களே செஞ்ச 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போட ஆரம்பிச்சாங்க. 1972-ல் ஒரு மீட்டர் டெலஸ்கோப். 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு தெரிஞ்ச ராத்திரியில காவலூரும் அதைப் பதிவு பண்ணுச்சு. பாப்பு 1982-ல் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் டெலஸ்கோப் 1986-ல் அவர் பேர்லயே திறந்தாங்க.

காவலூரை அவர் எடுத்ததுக்கு இருட்டு மட்டும் காரணம் இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கம் இருக்கிறதால வடவானம், தென்வானம் ரெண்டும் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நடுவுல தென்வானத்தைப் பார்க்க அந்த அளவுக்குப் பெரிய வசதி வேற இல்லை. அந்த ரெண்டு இடத்துல ஏதாவது ஒண்ணுல பகலா இருக்கிற நேரத்துலகூட நம்மகிட்ட ராத்திரி இருக்கும்.

அதோட பலன் 1987-ல் தெரிஞ்சது. பிப்ரவரி 24-ஆம் தேதி சிலி நாட்டு மலையில இயன் ஷெல்டன் ஒரு போட்டோத் தட்டைக் கழுவினப்ப, பெரிய மெகல்லன் மேகத்துல இல்லாத ஒரு நட்சத்திரம் இருந்தது. தட்டுல கோளாறோன்னு வெளிய வந்து பார்த்தா வெறும் கண்ணுக்கே தெரிஞ்சது. அதே ராத்திரி நியூசிலாந்துல ஆல்பர்ட் ஜோன்ஸ்ங்கிற அமெச்சூரும் தனியாப் பார்த்துட்டார். 1604-க்கு அப்புறம் வெறும் கண்ணுக்குத் தெரிஞ்ச முதல் சூப்பர்நோவா. காவலூர்ல அது அடிவானத்துக்கு மேல எட்டு டிகிரிதான் எழும்பும். கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்துல வெச்சா, அந்த முஷ்டி உசரம்கூட இல்லை. ஆனாலும் நம்ம ஆட்கள் அதோட நிறமாலையைப் பதிவு பண்ணி அதே வருஷம் கட்டுரையா வெளியிட்டாங்க. இந்தியாவுல வடக்க எங்க நின்னாலும் முடியாத காரியம்.

1999-ல் யு ஸ்கார்ப்பி வெடிச்சப்பவும் காவலூர் அதைப் பிடிச்சது. நுங்கம்பாக்கத்துல ஆரம்பிச்சது ஜவ்வாது மலையில தொடர்ந்தது.

அதே 1999-ல் சந்திரசேகர் பேர்ல சந்திரா எக்ஸ்ரே டெலஸ்கோப்பை அமெரிக்கா விண்ணுக்கு அனுப்புச்சு. உலகத்துக்கு அது முதல்ல காட்டின படம் காசியோப்பியா-ஏங்கிற சூப்பர்நோவா எச்சம். அவர் அதைப் பார்க்க இல்லை. 1995-லயே போயிட்டார்.

இருட்டு ஓடிக்கிட்டே இருக்கு

இந்த வரலாறை வரிசையா வெச்சுப் பாருங்க. எழும்பூர், நுங்கம்பாக்கம், கொடைக்கானல், காவலூர். ஒவ்வொரு தடவையும் நல்ல வானத்தைத் துரத்திக்கிட்டு மனுஷன் ஓடியிருக்கான். கிணத்துல தண்ணி கீழ போக போக போர் ஆழமாப் போடுற மாதிரி. காவலூரைச் சுத்தியும் இப்ப ஊருங்க வெளிச்சமாயிட்டு வருது. அடுத்த டெலஸ்கோப் 2000-ல் லடாக்ல ஹான்லேவுக்குப் போச்சு. 4,500 மீட்டர் உசரம். அதுக்கும் சந்திரா பேருதான், இமாலய சந்திரா டெலஸ்கோப். 2022 டிசம்பர்ல ஹான்லேவைச் சுத்தி இருட்டுக் காப்பகமா அறிவிச்சாங்க. அங்க கிராமத்து ஜனங்க லைட்டுக்கு மூடி போட்டு, ஜன்னலுக்குத் திரை போட்டு, வர்றவங்களுக்கு டெலஸ்கோப்ல வானம் காட்டிச் சம்பாதிக்கிறாங்க. கேட்கவே நல்லா இருக்கு.

ஆனா ஹான்லேவுல ஒண்ணு கிடையாது. தெற்கு. வேலா அங்க பன்னெண்டு டிகிரிதான் எழும்பும், எங்க களத்துல 33. 1987-ல் வெடிச்ச இடம் அங்க உதிக்கவே உதிக்காது. ஆக இருட்டு இமயமலையில இருக்கு, தென்வானம் நம்மகிட்ட இருக்கு. இருட்டைக் காப்பாத்த முடியாம போனா, நம்மகிட்ட இருக்கிற தென்வானத்துக்கு இந்தியாவுல மாத்து இடம் கிடையாது. இதுதான் அந்த ராத்திரி எனக்கு உறைச்சது.

எங்க ஊர் நிலைமையைச் சொல்றேன். தெற்கே நாமக்கல். நாட்டுக்கே முட்டை கொடுக்கிற ஊர். முட்டைக்கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேணும். பகல் பத்தாததை லைட்டு போட்டுத்தான் சரிக்கட்டணும். பக்கம் திறந்த ஷெட்டுங்க, வெளிச்சம் வெளிய வழியும். விடியக்காலம் மூணு மணிக்குத் தெக்கால பார்த்தா அடிவானமே வெளுத்திருக்கும். சின்ன வயசுல நான் பார்த்த அந்த விடியல் வேற. அதைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் இல்லை, என் மச்சான் பண்ணையே அங்க இருக்கு.

இன்னொரு பக்கம். எங்க அப்பா தெருவிளக்குக்காக மனு மேல மனு போட்டவர். பாம்பு கடிச்சு எங்க ஊர்ல ஆள் போயிருக்கு. லைட்டு இல்லாத ஊருக்குப் பொண்ணு கொடுக்க யோசிப்பாங்க. வெளிச்சம் வந்தது எங்களுக்கு மரியாதை வந்த மாதிரி. அதனால "லைட்டை அணைங்க"ன்னு பட்டணத்துல இருந்து ஒருத்தர் வந்து சொன்னா, எங்க ஆளுங்களுக்குக் கோபம் வரும். எனக்கே வரும்.

ஆனா பையன் ஒரு கேள்வி கேட்டான்: "மாமா, உங்க லைட்டு கீழ மோட்டார் ரூமைக் காட்டணுமா, மேல வானத்தைக் காட்டணுமா?" பதில் இல்லை. என் லைட்டோட வெளிச்சத்துல பாதி தென்னை மட்டைக்கும் வானத்துக்கும்தான் போயிட்டிருந்தது. அதுக்கும் கரண்டுதானே போகுது. பழைய மஞ்சள் சோடியம் லைட்டா இருந்தா ஒண்ணு ரெண்டு நிறம்தான், ஃபில்டர் வடிகட்டிடும். வெள்ளை எல்இடி எல்லா நிறத்தையும் கலந்து அடிக்குது, முழுசா வடிகட்ட முடியாது.

மறுநாள் ரெண்டு பேரும் சேர்ந்து பழைய தகர டின்னை வெட்டி லைட்டுக்குத் தொப்பி போட்டோம். 200 வாட்ஸைக் கழட்டிட்டு 20 வாட்ஸ் மஞ்சள் பல்பு. ஆள் நடமாட்டம் வந்தா மட்டும் எரியுற சென்சார் ஒண்ணு. மோட்டார் ரூம் முன்னைவிட நல்லாத் தெரியுது, கண்ணு கூசலை. வெளிச்சம் திடீர்னு எரியும்போதுதான் திருடன் பயப்படுவான்னு பக்கத்துத் தோட்டத்து அண்ணனும் ஒண்ணு மாட்டிட்டார். மச்சான்கிட்ட ஷெட்டுக்கு வெளிப்பக்கம் சாக்குப் படுதா கட்டலாமான்னு கேட்டிருக்கேன். "காத்தோட்டம் பாழாப் போயிரும் மாமா, கோடையில கோழி செத்துப் போயிரும்"னு சொல்லிட்டார். நியாயம்தான். அந்தப் பேச்சு இன்னும் முடியலை.

பையன் தை, மாசி ரெண்டு அமாவாசையைச் சுத்தி ஒன்பது ராத்திரி வந்தான். சேர்த்த நேரம் இருபத்து ரெண்டு மணி. முடிச்ச படத்தைப் பெருசா அச்சடிச்சுக் கொண்டுவந்து கொடுத்தான். சிவப்பும் நீலமுமா நூல் நூலா, அறுத்த சிலந்தி வலை காத்துல ஆடுற மாதிரி. என் வீட்டுக்காரி பார்த்துட்டு, "இது நம்ம களத்து மேலயா இருக்குது?"ன்னு கேட்டா. ஆமா, தினமும் இருக்குது. நம்மாலதான் பார்க்க முடியலை.

1909-ல் எடுத்த நண்டு நெபுலா படத்தையும் 1921-ல் எடுத்த படத்தையும் பக்கத்துல வெச்சுப் பார்த்து, அது விரியுதுன்னு ஜான் டங்கன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி கண்டுபிடிச்சார். 1054-ல் சீனாக்காரங்க 23 நாள் பட்டப்பகல்ல பார்த்த நட்சத்திரத்தோட மிச்சம்தான் அதுன்னு அப்புறம் கணக்குப் போட்டாங்க. ரெண்டு படமும் ஒரே இடத்தைக் காட்டணும், நடுவுல வருஷம் ஓடணும், அவ்வளவுதான். இப்ப அமெச்சூர்களே பத்து வருஷப் படங்களை வெச்சு அதே விரிவைக் காட்டுறாங்க. நண்டு நம்ம ஊருக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு வரும், ரிஷபத்தோட கொம்பு நுனியில. பையன் இந்த வருஷம் ஒண்ணு எடுத்து வெச்சுட்டான். பத்து வருஷம் கழிச்சு இதே களத்துல அடுத்தது எடுக்கணும்னு சொல்லியிருக்கான்.

அப்ப எனக்கு எழுபது நெருங்கும். களம் இருக்கும். இருட்டு இருக்குமான்னுதான் பார்க்கணும்.

பட்டணத்துல இருக்கிற நீங்க ஒண்ணு செய்யுங்க. அடுத்த தை அமாவாசைக்கு ஊருக்கு வந்தா, ராத்திரி பத்து மணிக்கு மேல தெற்கே பார்த்து நில்லுங்க. அகத்தியரைக் கண்டுபிடிங்க. அங்க இருந்து இடது பக்கம் மெதுவாக் கண்ணை நகர்த்துங்க. ஒண்ணும் தெரியாது. ஆனா அங்கதான் இருக்குது. அப்புறம் வீட்டுக்குள்ள போறப்ப வாசல் லைட்டு எங்க பார்த்து எரியுதுன்னு மட்டும் ஒரு தடவை அண்ணாந்து பாருங்க.